ஆசிரியர்க்கு இணையத்தில் ஒரு கூட்டு: பயிற்சி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வேதியியல் படித்துவிட்டு பி.எட். சேர்ந்தவள். இப்போது இரண்டாம் ஆண்டு. குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 16 வாரப் பயிற்சியை முடித்திருக்கிறேன். இணையத்தில் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கற்றல் வலையை உருவாக்க வேண்டும், அதைப் பற்றி எழுதியும் தர வேண்டும் என்று கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். மதிப்பெண்ணுக்காகத் தொடங்கினேன். மதிப்பெண் போட்டு ரெக்கார்டு திரும்பி வந்து பல மாதமாகிறது, வலையை நான் விடவில்லை. இந்த வருடம் சேர்ந்த தங்கைகளும் தம்பிகளும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கற்றல் வலை என்றால் என்ன? நான்தான் ஏற்கெனவே பத்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேனே?

குழுவில் இருப்பது வேறு, வலை வைத்திருப்பது வேறு. உன் குழுக்களில் காலையில் என்ன வருகிறது என்று நினைத்துப் பார். இன்றைய திருக்குறள், நேற்றைய அரசாணை, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு ஒரு பிடிஎஃப், யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இதில் உன் வகுப்பு எங்கே இருக்கிறது?

நாளைக்கு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நீ எடுக்கப்போகும் பாடத்தில் ஒரு சிக்கல் வந்தால், இன்றிரவு யாரிடம் கேட்பாய்? அந்த ஆட்கள்தான் உன் வலை. என் வலையில் மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் பாதிப்பேரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கரும்பலகை எந்தப் பக்கம், மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறார், கல்லூரியில் பேராசிரியர் இருக்கிறார். பிறகு இது எதற்கு?

அவர்களுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. என் வழிகாட்டி டீச்சரிடம் நான் கற்றதை எந்தக் குழுவும் தந்திருக்காது. ஒரு வகுப்பை எப்படி அமைதிப்படுத்துவது, எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் படிக்க வேண்டியவை.

ஆனால் அந்த டீச்சருக்கு நாளுக்கு ஆறு பீரியடு. அதோடு எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம். பள்ளியில் அறிவியலுக்கு அவர் ஒருவர்தான். அவருக்கே ஒரு சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் கேட்க இன்னொரு அறிவியல் ஆசிரியர் கிடையாது. சிறிய பள்ளிகளில் இதுதான் நிலைமை. 2014-ல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டாகி, பள்ளிப் பயிற்சியும் நீண்டது. முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம். பதினாறு வாரம் ஒரே பள்ளியில் இருந்து பார்க்கும்போதுதான் ஆசிரியர் வேலை எவ்வளவு தனியான வேலை என்று புரிகிறது. கதவைச் சாத்தினால் உள்ளே நீயும் நாற்பது பிள்ளைகளும் மட்டும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

உன்னோடு படிக்கிறவர்களில், உன் பாடத்தையே எடுத்திருக்கிற மூன்று பேரிடமிருந்து. பயிற்சிக்கு ஒருத்தி கருங்கலுக்குப் போவாள், ஒருவன் தோவாளைக்குப் போவான், இன்னொருத்தி குளச்சலுக்குப் போவாள். ஒரே பாடத்தை மூன்று ஊரில் எடுப்பீர்கள். ‘இன்று எனக்கு எங்கே சொதப்பியது’ என்று இரவு ஐந்து நிமிடம் பேசினாலே வலையின் முதல் முடிச்சு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெளியே போகலாம். வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் இடையில் வருகிறவருக்குப் பழைய பேச்சு முழுதாகத் தெரியாததால், கேட்ட கேள்வியே திரும்பத் திரும்ப வரும். டெலிகிராமின் பொதுக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவரும் பழையதைத் தேடிப் படிக்கலாம், பெரிய கோப்புகளும் போகும். பாடம் பற்றிய பேச்சுக்கு எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. தீக்‌ஷா என்ற அரசின் கற்றல் தளத்தில் நம் பாடநூலுக்குரிய காணொளிகள் இருக்கின்றன. 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பாடத்துக்குப் பாடம் அச்சிட்டிருக்கிற கியூஆர் கோடு அங்கேதான் கொண்டுபோகும். அறிவியல், கணக்கு எடுக்கிறவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ என்ற, திரையிலேயே செய்து பார்க்கிற செய்முறைகளைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. முழுக்க இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன.

ஆனால் இவையெல்லாம் சரக்கு. சரக்கு குவிந்தால் கடைதான் ஆகும், வலை ஆகாது. ஆட்களைத் தேடு.

என்ன கேட்பது? கேட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. குழுவில் இரண்டு மாதம் ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் எழுதினேன்: “எட்டாம் வகுப்புக்கு அமிலங்கள் மற்றும் காரங்கள் எடுக்க வேண்டும். யாரிடமாவது நல்ல ஐடியா இருக்கிறதா?” பதிலாக நான்கு பிடிஎஃப், ஒரு கைகூப்பு, இரண்டு கட்டைவிரல். அவ்வளவுதான்.

தப்பு அவர்களுடையது இல்லை. அந்தக் கேள்வியில் என் வகுப்பே இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லியிருக்கலாம்.

பாடம் எடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். “காரம் என்றால் என்ன?” என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று, “மிளகா, டீச்சர்” என்றாள். வகுப்பு முழுக்க ஆமாம் போட்டது. இல்லை என்றேன். சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள். மறுநாள் சின்னத் தேர்வு வைத்தால், வீட்டில் உள்ள காரப் பொருள்கள் இரண்டு எழுதுக என்பதற்கு முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொரு பேர் மிளகாயோ மிளகோ எழுதியிருந்தார்கள். ஒருவன் ‘ஊறுகாய்’ என்று எழுதியிருந்தான். ஊறுகாய் முழுக்கப் புளிப்பு. அவனுக்கு அமிலமும் போயிற்று, காரமும் போயிற்று.

அன்று இரவு நடந்ததை அப்படியே எழுதினேன். பிள்ளைகள் சொன்ன வார்த்தை, நான் சொன்ன விளக்கம், தேர்வில் வந்த விடை, எல்லாவற்றையும். “காரம் என்ற சொல்லே தடையாக இருக்கிறது. இதை எப்படித் தாண்டுவீர்கள்?” என்று முடித்தேன்.

பத்து நிமிடத்தில் பேச்சு சூடுபிடித்தது. தருமபுரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், தன் வகுப்பிலும் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான் என்றார். யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர் எழுதியதுதான் எனக்கு விளக்கேற்றி வைத்தது: “எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை, தங்கச்சி. நாங்கள் மிளகாயை உறைப்பு என்றுதான் சொல்லுவோம். சோப்புக்கு எங்கள் ஊரில் பெயரே சவர்க்காரம். காரம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறதல்லவா?”

சவர்க்காரம். எத்தனையோ முறை கேட்ட சொல், ஒருமுறைகூட உள்ளே பார்த்ததில்லை. மறுநாள் கரும்பலகையில் ‘சவர்க்காரம்’ என்று எழுதி, இதற்குள் ஒளிந்திருக்கிற சொல்லைக் கண்டுபிடியுங்கள் என்றேன். பிறகு, “மிளகாய் தின்றால் வீட்டில் என்ன சொல்வீர்கள்?” “எரியுது, டீச்சர்.” “அப்படியானால் மிளகாய்க்கு எரிவு என்றே வைத்துக்கொள்வோம். காரம் என்ற பெயரைச் சோப்புக்கு விட்டுக்கொடுப்போம்.” மிளகாய் எரிவதற்குக் காரணம் அதிலுள்ள கேப்சைசின் என்ற பொருள், அது வேறு கதை என்றும் சொன்னேன். அடுத்த தேர்வில் மிளகாய் எழுதியவர்கள் மூன்று பேர்.

ஒரு பாடநூல் குழுவோ ஒரு பயிற்சி வகுப்போ இந்த விடையை எனக்குத் தந்திருக்க முடியாது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே மொழியில் இதே பாடத்தை நடத்துகிற ஒருவர் வேண்டியிருந்தது. அவரை அடைய எனக்கு வேண்டியிருந்தது ஒரு சரியான கேள்வி. ஆகவே, கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பிள்ளை என்ன சொன்னது என்பதையும் சேர்த்துக் கேள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் அந்த ஒரு வரிக்காகவே நின்று பதில் சொல்வார்கள். அது அவர்கள் வகுப்பிலும் நடந்திருக்கும்.

எல்லோரும் எழுதுவதைச் சும்மா படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

தொடக்கத்தில் தாராளமாக இருக்கலாம். நாகர்கோவிலில் எந்தத் தையல் கடையிலும் புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல்நாளே துணி வெட்டக் கொடுக்க மாட்டார்கள். காஜா எடுப்பான், பட்டன் தைப்பான், இஸ்திரி போடுவான். அப்படி ஓரத்தில் உட்கார்ந்தே சட்டை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவான். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் ஆப்பிரிக்காவில் லைபீரியாவின் தையற்காரர்களிடம் போய்ப் பார்த்ததும் இதையேதான். கடைசி வேலையிலிருந்து கற்கத் தொடங்கி, துணி வெட்டுவதற்குக் கடைசியில்தான் வருகிறார்கள். எட்டியென் வெங்கரோடு சேர்ந்து 1991-ல் அவர் முன்வைத்த கருத்து, ஓரத்தில் நிற்பதும் முறையான கற்றலே என்பது. பி.எட். பாடத்தில் இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருமுனைத் தையல் கடைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்தப் பையன் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, காஜா எடுக்கிறான். குழுவில் அதற்கு ஈடான வேலைகள் உண்டு. யாரோ அனுப்பிய செயல்பாட்டை வகுப்பில் செய்து பார்த்து, “செய்தேன், இந்த இடத்தில் மட்டும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை” என்று இரண்டு வரி எழுதினால் போதும். அனுப்பியவருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

நாம் பயிற்சியில் இருப்பவர்கள். மற்றவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

நம் ஊர் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குமரி மாவட்டத்தில் அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் கடல், ஆறு, வயல், ரப்பர்க் காடு, மலை எல்லாம் வந்துவிடும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல், தோவாளைப் பூச்சந்தை, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகிற மாத்தூர்த் தொட்டிப்பாலம். சேலத்திலோ திருவண்ணாமலையிலோ இருக்கிற ஆசிரியருக்கு இவையெல்லாம் பாடநூலில் இல்லாத பாடங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் ஓர் எட்டாம் வகுப்புப் பையன். அதே அமிலப் பாடம். அமிலத்தின் பயன்கள் என்று பாடநூல் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், எங்க அப்பா ரப்பர்ப் பாலுல ஆசிட் ஊத்துவாவ. அது இதுல இல்லியே?”

அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன். அவன் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்னே எழுந்து மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவிவிட்டு வருவார். பால் சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், சொட்டும். வெயில் ஏறுமுன் வாளியில் எடுத்து, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தட்டங்களில் ஊற்றி, ஆசிட் கலப்பார்கள். உறைந்ததை மிஷினில் கொடுத்து சீட்டாக அடித்துக் காயப்போடுவார்கள். இத்தனையையும் அவன் எழுந்து நின்று சொன்னான். எந்த ஆசிட் என்று கேட்டேன். “பார்மிக்” என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எறும்புக்கடியில் இருக்கிற அமிலம் என்று கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த அதே பார்மிக் அமிலம்.

ஏன் உறைகிறது என்று அவன் கேட்டபோது எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரவு குழுவில் எழுதினேன். தஞ்சாவூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி வேதியியல் சார் பொறுமையாக விளக்கினார். ரப்பர்ப் பாலில் மிதக்கிற நுண்துகள்களின்மேல் புரதப் படலம் இருக்கிறது. அதனால் அவற்றுக்கு எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் பால் பாலாகவே இருக்கிறது. அமிலம் சேர்த்தால் அந்த மின்சுமை அடங்கிவிடும். தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். உறையாமல் வைத்திருக்க வேண்டுமானால் இதற்கு நேரெதிராக அம்மோனியா சேர்ப்பார்கள், அது காரம்.

ஒரே வாளிப் பாலில் அமிலமும் காரமும். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

அடர்ந்த பார்மிக் அமிலத்தை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது, தோலைப் புண்ணாக்கிவிடும் என்று அவரே எச்சரித்தார். வினிகரே போதும் என்றார். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் காலையில் வெட்டிய பாலை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான். இரண்டாம் பீரியடு. சிரட்டையில் ஊற்றி, வினிகர் சேர்த்து, ஈர்க்குச்சியால் கிண்டினோம். சில நிமிடத்தில் பால் திரிதிரியாகத் திரண்டு குச்சியைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை அதை இழுத்து விட்டாள், சுண்டி மீண்டது. வகுப்பே கூவியது. அவன் மட்டும் கூவவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வேலை தெரிந்தவன் போல நின்றான்.

இதை எழுதி அனுப்பினேன். ரப்பர் மரத்தையே பார்த்திராத ஊர்களில் ஏழெட்டுப் பேர் தங்கள் வகுப்பில் படித்துக் காட்டினார்கள். பாலில் எலுமிச்சை பிழிந்து திரளவைத்து, ‘குலசேகரத்தில் ரப்பர், நம் ஊரில் பன்னீர்’ என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். இதையெல்லாம் அந்தப் பையனிடம் வந்து சொன்னேன். “எங்க அப்பா செய்யதையா டீச்சர் தஞ்சாவூர்ல படிக்காவ?” என்று கேட்டான்.

குழுவில் வருவதெல்லாம் சரியாக இருக்குமா?

இருக்காது. செய்து பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதே. அழகாக வடிவமைத்த ஒரு செயல்பாட்டுத் தாள் எங்கள் குழுவுக்கு வந்தது. மஞ்சள் தடவிய தாளில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும் என்று அதில் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். வீட்டு அடுக்களையில் செய்து பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டதும் செக்கச் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகியது. தாளில் அமிலத்தையும் காரத்தையும் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற அம்மா, “ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும்தானே கரைப்போம், எலுமிச்சையா பிழிவோம்?” என்றார். ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிட்டது. குழுவில் திருத்தம் எழுதும்போது, தாளைத் தயாரித்தவரைக் குத்திக்காட்டாமல், செய்து பார்த்த மூன்று படங்களை மட்டும் போட்டேன். அவரே நன்றி சொல்லி மாற்றி அனுப்பினார். திருத்துவதற்கும் ஒரு மரியாதை வேண்டும். ஒருமுறை ஊரறிய அவமானப்பட்டவர் மறுபடி எதையும் பகிர மாட்டார்.

வகுப்பில் எடுத்த படங்களைப் பகிரலாமா?

பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தைப் பகிராதே. நான் பகிர்ந்தேன், அதனால் சொல்கிறேன்.

ரப்பர்ப் பால் திரண்ட அன்றைய உற்சாகத்தில், பிள்ளைகள் சிரிக்கிற படம் ஒன்றை ஆயிரக்கணக்கானோர் இருக்கிற குழுவில் போட்டேன். சீருடை தெரிந்தது, முகம் தெரிந்தது. இரண்டு நாளில் அது ஒரு மாணவியின் உறவினர் போனுக்கு வேறெங்கிருந்தோ போய்ச் சேர்ந்தது. அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, டீச்சர்” என்றார். நான் அழித்தேன். ஆனால் மற்றவர்கள் போனுக்குப் போனதை என்னால் அழிக்க முடியவில்லை. அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. தலைமையாசிரியரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன்.

18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் நம்மை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது கைகளை மட்டும், பொருள்களை மட்டும் படமெடுக்கிறேன். பெயர் எழுதிய நோட்டு அட்டையோ மதிப்பெண் பட்டியலோ தெரிந்தால் அந்தப் படத்தை எடுப்பதே இல்லை. ஒரு பிள்ளை சொன்ன பதிலை எழுதும்போது பெயரும் சேர்ப்பதில்லை.

மற்றவருடைய லெசன் பிளானை எடுத்துப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அவர் பெயரைச் சொல்லி. ரெக்கார்டில் உன்னுடையதுபோல எழுதாதே. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்து லெசன் பிளானை அப்படியே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் பத்து நிமிடத்தில் அது காலியாகிவிடும். அதில் இருக்கிற எடுத்துக்காட்டு அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கானது.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் பயிற்சி. சிக்னலே கிடைக்காது. என்ன செய்வது?

குலசேகரம் சந்தையில் நிற்கும்போதே இறக்கிக்கொள். ‘ஃபெட்’ செய்முறைகள் பலவற்றை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். தீக்‌ஷா செயலியிலும் பாடங்களைச் சேமித்துக்கொள்ளலாம். கேள்விகளைப் பேருந்தில் வரும்போது நோட்டில் எழுதி வை, கீழே வந்ததும் அனுப்பு. மலைப்பக்கப் பள்ளியில் பயிற்சி பெற்ற என் கூட்டுக்காரி ஒருத்தி வாரத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். நாங்கள் எல்லோரும் கேட்டதைவிட அவள் கேள்விகள் கூர்மையாக இருந்தன. ஆறு நாள் யோசித்துக் கேட்பாள்.

எங்கள் பள்ளியில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் அதிகம். தமிழ்க் குழுக்கள் உதவுமா?

பாதி உதவும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் இரண்டு மொழியும் கலந்து பேசுகிற பிள்ளைகள், மலையாள வழி வகுப்புகள் எல்லாம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவர்கள்தானே. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆசிரியர் ஒருவரையாவது வலையில் சேர்த்துக்கொள். கேரளத்தின் கல்வி அலைவரிசையான கைட் விக்டர்ஸ் பாடங்களைப் பார்த்து, பிள்ளைகள் வீட்டில் கேட்கிற சொல் எது, பாடநூலில் இருக்கிற சொல் எது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் வகுப்பில் பெரிய உதவி.

பெண்கள் போன் எண்ணைத் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது சரியா?

தேவையே இல்லை. டெலிகிராமில் எண்ணை மறைத்து வைக்கலாம், அமைப்புகளில் போய் முதல்நாளே செய்துவிடு. வாட்ஸ்அப் குழுவில் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால், தெரிந்தவர்கள் நடத்துகிற குழுவில் மட்டும் சேர். பாடத்தை விட்டுத் தனியாகப் பேச வருகிறவரைத் தயங்காமல் தடைசெய். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உனக்கில்லை. நடத்துகிறவரிடம் தெரிவித்துவிடு, அடுத்த பெண்ணுக்கு உதவும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

ரெக்கார்டு, படம், டிஎல்எம் என்கிற கற்பித்தல் துணைக்கருவித் தயாரிப்பு, இடையில் டெட் படிப்பு, எனக்கும் தெரியும். இரவு எட்டரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டேன். பதினேழு குழுக்களில் பதின்மூன்றிலிருந்து வெளியே வந்தேன், ஒன்றையும் இழக்கவில்லை.

கல்லூரி ரெக்கார்டில் இதை எப்படி எழுதுவது?

‘நான் இந்த இந்தக் குழுவில் சேர்ந்தேன்’ என்று பட்டியல் போடாதே. ஒரே ஒரு கேள்வியை எடு. வகுப்பில் என்ன நடந்தது, யாரிடம் என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது, மறுநாள் எதை மாற்றினாய், பிள்ளைகளிடம் என்ன வித்தியாசம் தெரிந்தது. இந்த வரிசையில் இரண்டு பக்கம் எழுது. எங்கள் பேராசிரியர் அதைத்தான் எதிர்பார்த்தார்.

பயிற்சி முடிந்துவிட்டது. வேலை கிடைக்கும்வரை வகுப்பே இல்லையே, வலையை வைத்து என்ன செய்வது?

இது என்னுடைய கேள்வியும்தான். டெட் தேர்வில் 150-க்கு 90 வாங்கிவிட்டால் மறுநாளே வேலை என்றில்லை. என் அக்கா ஒருத்தி தகுதி பெற்றுப் பல வருடமாகக் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பில் ஆசிரியராக இருப்பதே மறந்துவிடும் என்று அவள் சொன்னது என்னை ரொம்ப வருத்தியது.

இப்போது மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடமிருந்து எனக்குக் கேள்விகள் வருகின்றன, நான் வலைக்குக் கொண்டுபோகிறேன். போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: சிரட்டையில் ஆசிட் ஊற்றாமலே கொஞ்சம் பால் தானாக உறைந்து ஒட்டுப்பாலாகக் கிடக்கிறதே, அதை உறையவைத்தது யார்? பாலில் வளர்கிற நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன, தயிர் உறைவதுபோலத்தான் என்று தஞ்சாவூர் சார் எழுதியிருக்கிறார். அப்படியானால் வெயில்நாளில் சீக்கிரம் உறைய வேண்டுமே என்றாள் அவள். இரண்டு சிரட்டை, ஒன்று நிழலில், ஒன்று வெயிலில். சனிக்கிழமை காலை மழை இல்லையென்றால் வைத்துப் பார்க்கப்போகிறோம்.